ஜவ்வு வளர ஊசி வந்திருக்காமே டாக்டர்?

முழங்கால் தேய்மானம் பத்தி ஒரு த்ரெட். கொஞ்சம் நீளம். வீட்ல அம்மாவோ மாமியாரோ மூட்டு வலின்னு சொல்லிட்டு இருந்தா முழுசா படிச்சிடுங்க.

திருவண்ணாமலையில எங்க ஓபிக்கு வர்றவங்கள்ல பூ கட்டுறவங்க, களை எடுக்கப் போறவங்க, வாழ்க்கை முழுக்க தரையில குந்தி வேலை பார்த்தவங்கதான் அதிகம். இப்போ கூட வர்ற மகனோ மகளோ போன நீட்டி கேக்குறாங்க: "ஜவ்வு வளர ஊசி வந்திருக்காமே டாக்டர்? இந்த வீடியோவ பாருங்க."

வீடியோவுல சொல்றது முழுப் பொய்யா இருந்தா என் வேலை சுலபம். பாதி உண்மை. அதான் சிக்கல்.

'தேய்மானம்'ங்கற வார்த்தையே நம்மள கொஞ்சம் ஏமாத்துது. செருப்பு தேயற மாதிரி மூட்டு சும்மா தேயறதில்ல. நீங்க ஜவ்வுன்னு சொல்ற குருத்தெலும்புக்குள்ள உயிருள்ள செல்கள் இருக்கு. அதுங்களுக்கு நாள் முழுக்க சிக்னல் வந்துட்டே இருக்கும். இன்டர்லூக்கின்-1னு ஒண்ணு வந்தா, செல் கட்டுமான வேலையை நிறுத்திட்டு குருத்தெலும்பை அரிக்கிற என்சைமை விட ஆரம்பிக்கும். எஃப்ஜிஎஃப்-18 வந்தா வளரச் சொல்லும். என்ஜிஎஃப்னு இன்னொண்ணு வலி நரம்பை உசுப்பி விடும்.

அப்போ கெட்ட சிக்னலை அணைச்சு, நல்ல சிக்னலை ஏத்திவிட்டா போதுமே? விஞ்ஞானிகளும் அப்படித்தான் நினைச்சாங்க. நல்ல யோசனைதான். என்ன ஆச்சுன்னு பாருங்க.

இன்டர்லூக்கின்-1ஐ தடுக்கிற அனாகின்ராவை நேரா முழங்காலுக்குள்ளயே போட்டுப் பார்த்தாங்க. 2009ல முடிவு வந்தது. மருந்தில்லாத டம்மி ஊசியை விட வலி ஒண்ணும் அதிகமா குறையல.

என்ஜிஎஃப்பை தடுக்கிற டானெசுமாப் கதை இன்னும் மோசம். வலி நிஜமாவே குறைஞ்சது. ஆனா சிலருக்கு மூட்டு வேகமா சிதைய ஆரம்பிச்சது. 2010ல அமெரிக்காவுல ஆய்வையே நிறுத்தி வெச்சாங்க, அப்புறம் கவனமா திரும்ப ஆரம்பிச்சாங்க. 2021 மார்ச்சில் நிபுணர் குழு ஓட்டுப் போட்டது: எதிர்ப்பு 19, ஆதரவு 1. அந்த வருஷமே கம்பெனிகள் கைவிட்டுட்டாங்க.

கொரியாவுல 2017ல இன்வோசான்னு ஒரு செல் மருந்துக்கு அனுமதி கொடுத்தாங்க. வளர்ச்சி சிக்னல் தர்ற குருத்தெலும்பு செல்னு சொல்லித்தான் போட்டாங்க. பரிசோதிச்சா அது சிறுநீரக செல்லிலிருந்து வந்தது! 2019ல அனுமதி ரத்து. ஆயிரக்கணக்கான பேர் முழங்காலுக்குள்ள அது ஏற்கனவே போயிடுச்சு.

இப்போ அந்த வீடியோ ஊசிக்கு வர்றேன். ஸ்பிரிஃபெர்மின், அதாவது எஃப்ஜிஎஃப்-18. 549 பேர்கிட்ட நடந்த ஆய்வு, 2019ல வெளியாச்சு. ரெண்டு வருஷத்துல அதிக டோஸ் போட்டவங்களுக்கு குருத்தெலும்பு 0.05 மி.மீ. தடிச்சது. டம்மி ஊசி போட்டவங்களுக்கு 0.02 மி.மீ. குறைஞ்சது. ஆக, ஜவ்வு வளர்ந்தது உண்மை. வலி? ரெண்டு கூட்டத்துக்கும் பெரிய வித்தியாசமே இல்ல.

மூட்டுங்கறது குருத்தெலும்பு மட்டும் கிடையாது. எலும்பு, உள்சவ்வு, தசை, கொழுப்பு, நரம்பு எல்லாம் ஒண்ணுக்கொண்ணு பேசிட்டு இருக்கு. ஒரு வாயை மூடினா இன்னொண்ணு பேசும். இந்த ஆராய்ச்சி வீண்னு நான் சொல்லல. ஒரு நாள் நல்ல மருந்து வரும், வரணும். ஆனா இன்னிக்கு அதை நம்பி நகையை அடகு வைக்காதீங்க.

அடகு வைக்கிற அளவுக்கு இல்லாம, மாசாமாசம் சத்தமில்லாம காசு போற வழி ஒண்ணு இருக்கு. மெடிக்கல் ஷாப்ல கிடைக்கிற டயாசெரின் - குளுக்கோசமின் மாத்திரை. முதியோர் பென்ஷன்ல பெரும்பங்கை இதுக்கே கொடுக்கிறவங்களை நான் பார்க்கிறேன். டயாசெரினும் அதே இன்டர்லூக்கின்-1 சிக்னலைக் குறைக்கத்தான். 2014லயே ஐரோப்பிய மருந்து நிறுவனம், கடுமையான வயித்துப்போக்கு வருதுன்னு 65 வயசுக்கு மேல இதைக் கொடுக்க வேண்டாம்னு சொல்லிடுச்சு. நம்ம ஊர்ல இதை வாங்குறவங்க வயசு என்ன? குளுக்கோசமினை 2006ல அமெரிக்காவுல 1,583 பேர்கிட்ட சோதிச்சாங்க. மொத்தமா பார்த்தா டம்மி மாத்திரையை விட மேல் இல்ல.

"அப்போ என்னதான் பண்றது?"

குருத்தெலும்புக்குள்ள ரத்தக்குழாய் கிடையாது. ஸ்பாஞ்சை அழுத்தி விட்டா தண்ணி வெளிய போய் உள்ள வர்ற மாதிரி, நடக்கும்போதுதான் அதுக்கு சத்து போகுது. அந்த செல்கள்ல அழுத்தத்தை உணர்ற பியசோன்னு ஒரு வாசல் இருக்கு. (அதைக் கண்டுபிடிச்சவருக்கு 2021ல நோபல் பரிசு.) அளவான அசைவு அந்த அழற்சி சிக்னலையே தணிக்குதுன்னு ஆய்வகத்துல பார்த்திருக்காங்க. அதாவது தொடைத் தசைக்குக் கொடுக்கிற பயிற்சியும் செல்லுக்குப் போற சிக்னல்தான், ஊசி இல்லாம.

நாற்காலியில உக்காந்து காலை மெதுவா நீட்டுங்க, பத்து எண்ணுங்க, இறக்குங்க. ஒரு காலுக்கு பத்து தடவை, காலையும் சாயந்திரமும். ஆறு வாரமாவது விடாம செய்யணும். எடை அதிகமா இருந்தா ஒரு கிலோ குறைச்சாலே ஒவ்வொரு அடியிலயும் முழங்காலுக்கு நாலு கிலோ சுமை குறையும்.

கிரிவலம் போகலாமான்னு கேக்காத பேஷன்ட் இந்த ஊர்ல இல்ல. மூட்டு வீங்கி சூடா இருந்தா, கால் மடங்கி விழப் பார்த்தா, இந்த மாசம் வேண்டாம். மத்தவங்க தாராளமா போங்க. ஆனா எடுத்த எடுப்புல 14 கி.மீ. வேண்டாம். முதல்ல வீட்டுப் பக்கம் ரெண்டு கி.மீ. பழகுங்க. பௌர்ணமி நெரிசலை விட்டுட்டு சாதாரண நாள்ல விடியக்காலையில கிளம்புங்க. வழியில எட்டு லிங்கம் இருக்கு, ஒவ்வொண்ணுலயும் பத்து நிமிஷம் உக்காருங்க. "நடக்கவே கூடாது"ன்னு யாராவது சொன்னா ஏன்னு கேளுங்க.

எங்க பக்கமும் ஒரு விஷயம் சொல்லணும். மாத்திரை எழுத பத்து செகண்ட். பயிற்சி சொல்லிக் கொடுக்க பத்து நிமிஷம். வெளிய நூறு பேர் நிக்கும்போது எது நடக்கும்னு உங்களுக்கே தெரியும். எலும்பு ஓபிக்குப் பக்கத்து ரூம்லயே பிசியோதெரபிஸ்ட் உக்காரணும்ங்கறது என் கருத்து. வேற மாடியில இருந்தா மூட்டு வலிக்காரங்க படி ஏறிப் போவாங்களா? 2021 ஆகஸ்ட்ல ஆரம்பிச்ச மக்களைத் தேடி மருத்துவத்துல வீட்டுக்கே வந்து பிசியோதெரபி கொடுக்கிற வசதி இருக்கு. பக்கவாதத்துக்கு மட்டும்னு நினைச்சு நிறைய பேர் கேக்கறதே இல்ல. ஆரம்ப சுகாதார நிலையத்துல முழங்காலுக்கும் கேளுங்க.

இதெல்லாம் செஞ்சும் ராத்திரி தூக்கம் வராத வலி, கால் வளைஞ்சு போச்சுன்னா மூட்டு மாற்று ஆபரேஷன் இருக்கு. முதல்வர் காப்பீட்டு அட்டையோட வாங்க, பேசலாம். காய்ச்சலோட ஒரே மூட்டு திடீர்னு வீங்கினா காத்திருக்காம அன்னிக்கே வாங்க, அது வேற வியாதியா இருக்கலாம்.

இப்போ போய் அம்மாவோட மாத்திரை அட்டையை எடுத்துப் பாருங்க. பின்பக்கம் டயாசெரின்னு போட்டிருந்து, அம்மாவுக்கு 65 தாண்டியிருந்தா, எழுதிக் கொடுத்த டாக்டர்கிட்ட இது இன்னும் வேணுமான்னு கேளுங்க.