மரத்தை எண்ணுகிறார்கள், மண்ணை மறக்கிறார்கள்!

கொடைக்கானல் போகிறவர்கள் பைன் காட்டில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு "ஆஹா, இயற்கை!" என்கிறார்கள். அது இயற்கை இல்லை, தோட்டம். பழனி மலையின் புல்வெளியைத் தரிசு என்று நினைத்து பைனும் தைலமரமும் சீகையும் நட்டார்கள். 1973க்கும் 2014க்கும் இடையில் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கை இந்தத் தோட்டங்களும் விவசாயமும் விழுங்கிவிட்டதாக 2018ல் வெளியான செயற்கைக்கோள் ஆய்வு சொல்கிறது.

"மரம் கார்பனை இழுக்கிறதே, நல்லதுதானே?" என்று இப்போது ஒரு வாதம். கார்பன் மரத்தில் மட்டுமா இருக்கிறது? மலைச் சதுப்புகளில் குளிரும் ஈரமும் சேர்ந்து, காற்றுப் புகாமல், செத்த புல்லும் இலையும் முழுதாக மக்காமல் கறுப்பு மண்ணாகக் கிடக்கின்றன. பக்கத்து நீலகிரியில் இத்தகைய மண்ணை ராமன் சுகுமார் (ஆம், யானை ஆராய்ச்சியாளரேதான்!) குழு ஆராய்ந்து 1993ல் நேச்சர் இதழில் எழுதியது. 20,000 ஆண்டுப் பருவமழைக் கணக்கு அதில் இருந்தது! பனியுக வறட்சியில் வளர்ந்த புல்லின் கார்பனும், மழை வலுத்தபின் வந்த செடிகளின் கார்பனும் வேறுவேறு அடையாளத்தோடு இருந்தன.

அன்றைய குளிர் சேர்த்துவைத்ததை இன்றைய வெப்பம் செலவழிக்கும். சூடு கூடினால் நுண்ணுயிர்களுக்குக் கொண்டாட்டம். போதாததற்கு, தண்ணீர் உறிஞ்சும் மரத்தைச் சதுப்போரம் நட்டால்? சதுப்பு காயும், காற்று நுழையும், மண் மக்கிக் கரியமில வாயுவாகப் போகும். மரமோ என்றாவது வெட்டப்படும், அல்லது கோடையில் தீப்பிடிக்கும். போன மண்ணை யார் திருப்பித் தருவது?

அதற்காக ஜேசிபி கொண்டுபோய் சீகையை வேரோடு பிடுங்குவதும் புத்திசாலித்தனம் இல்லை. கிளறிய சரிவு மழையில் ஓடிவிடும். மிச்சமிருக்கும் புல்வெளியில் முதலில் எதையும் நடாமல் இருக்கட்டும். 'பசுமைப் பரப்பு' கணக்கெழுதுகிறவர்கள் மண்ணையும் தோண்டிப் பார்க்கட்டும், ஒரு மீட்டர் ஆழமாவது.