மகன் என்ன படிக்கிறார்?

போன மாதம் ஒரு சாமத்திய வீட்டுக்குப் போயிருந்தன். சாப்பாட்டு மேசையிலை பக்கத்திலை இருந்தவர் முதல் கேள்வியாய் "மகன் என்ன படிக்கிறார்?" எண்டார். "மின்சார வேலை பழகி முடிச்சு, இப்ப அதுதான் செய்யிறான்" எண்டன். மனுசன் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்திட்டு, "பரவாயில்லை, பிறகெண்டாலும் படிக்கலாந்தானே" எண்டு ஆறுதல் சொன்னார். செத்தவீட்டிலை கதைக்கிற அதே குரல்.

அண்ணை, இஞ்சை ஆர் செத்தது?

நான் சுவிசுக்கு வந்து முப்பது வருசம் தாண்டியிட்டுது. இந்த நாட்டிலை கட்டாயப் பள்ளிக்கூடம் முடிச்ச பிள்ளையளிலை மூண்டில் ரண்டு பங்கு போறது 'லேர' எண்ட தொழிற்பயிற்சிக்குத்தான். கிழமையிலை மூண்டு, நாலு நாள் கொம்பனியிலை வேலை; ஒண்டு, ரண்டு நாள் தொழிற்பள்ளிக்கூடம். முதல் மாதத்திலையிருந்து சம்பளம். மின்சார வேலைக்கு 4 வருசம். தெரிவு செய்ய 200க்கு மேலை தொழில்கள். கிம்னாசியம் முடிக்கிறவை ஏறத்தாழ 5 பேரில் ஒருவர்தான். அப்ப மிச்ச நாலு பேரும் உருப்படாததுகளோ?

"லேரக்குப் போனால் மேலை போற கதவு பூட்டுப்படும்" எண்டு பயப்பிடுறியள். பூட்டுப்படாது. தொழில்சார் மத்தூரா எடுத்தால் பிரயோக விஞ்ஞான உயர்கல்லூரிக்குப் போகலாம். அதோடை மேலதிகமாய் ஒரு பரீட்சை எழுதினால் பல்கலைக்கழகமும் போகலாம். வில்லி ரிச்சார்ட் வீடுகளுக்கு வெப்பமூட்டிக் குழாய் பூட்டின தொழிலாளி. 1973 இல் இந்த நாட்டின்ரை மத்திய அமைச்சராய்த் தெரிவானவர். செர்ஜியோ எர்மொத்தி வங்கியொண்டிலை லேர செய்தவர். 2011 இல் யூ.பி.எஸ் வங்கிக்கே தலைமை நிர்வாகியானவர்.

இதெல்லாம் நான் இண்டைக்குச் சொல்லுறன். அண்டைக்கு நான் செய்தது வேறை.

மகன் 15 வயசிலை ஒரு கொம்பனியிலை 5 நாள் வேலை பழகிப் பார்த்தான். முதலாளி "வா, இடம் தாறன்" எண்டிட்டார். வீட்டை வந்து குதிச்சான். நான் கேட்டது: "நான் கோப்பை கழுவினது நீ வயர் இழுக்கவோ?" ரியூசனுக்குக் காசைக் கொட்டி கிம்னாசியத்துக்குத் தள்ளினன். முதல் அரை வருசத்திலையே புள்ளி காணாதெண்டு வெளியிலை விட்டிட்டினம். கொம்பனியிலை இருந்த இடமும் போயிட்டுது. மிச்ச மாதங்கள் அறைக் கதவைப் பூட்டிக்கொண்டு கிடந்தான். அடுத்த வருசம் தானே அலைஞ்சு வேறை இடம் பிடிச்சான். அவன் அறைக்குள்ளை கிடந்த நாட்களை நான் எந்தச் சான்றிதழாலை திருப்பிக் குடுப்பன்?

ஏன் நாங்கள் இப்பிடி? 1970களிலை தரப்படுத்தல் வந்து எங்கடை பெடியளின்ரை கம்பஸ் கனவை உடைச்சது. அந்தக் காயம் உண்மை. ஆனால் ஊரிலை எங்களுக்கு அடைச்ச கதவை, இஞ்சை பிறந்த பிள்ளையின்ரை தலையாலை இடிச்சுத் திறக்கப் பார்க்கிறது என்ன ஞாயம்?

இன்னொண்டும் இருக்கு. கசக்கும், ஆனாலும் சொல்லவேணும். தச்சுவேலை, கொல்லுவேலை எண்டு கையாலை செய்யிற தொழிலையெல்லாம் சாதியோடை கட்டிவைச்ச ஊர் எங்கடை. "படிப்பு, படிப்பு" எண்டு நாங்கள் கத்திறதுக்குள்ளை அந்தப் பழைய இளக்காரமும் ஒளிச்சுக்கொண்டிருக்கு. கடல் தாண்டி வந்தும் அதை விட்டிட்டு வரேல்லை.

டொக்டராக ஆசைப்படுற பிள்ளை படிக்கட்டும். மறிக்கச் சொல்லேல்லை. லேரயும் சொர்க்கமில்லை; எங்கடை பேரைப் பார்த்தே விண்ணப்பத்தைத் தள்ளி வைக்கிற முதலாளியளும் இருக்கினம். அதுக்குத்தான் தாய் தேப்பன் பக்கத்திலை நிக்கவேணும். நாங்களோ பிள்ளைக்கு எதிரிலை நிக்கிறம்.

இனி ஒரு பிள்ளையைக் கண்டால் "என்ன படிக்கிறாய்?" எண்டதோடை நிப்பாட்டாதேங்கோ. "உனக்கு என்ன செய்யப் பிடிக்கும்?" எண்டும் ஒருக்கால் கேளுங்கோ. பிறகு அது சொல்லி முடிக்குமட்டும் வாயை மூடிக்கொண்டிருங்கோ.

அண்ணை, நீங்கள் எனக்கு ஆறுதல் சொன்ன அந்த மண்டபத்திலை எரிஞ்ச லைற் எல்லாம் லேர முடிச்ச ஆரோ ஒரு பெடி பூட்டினதுதான்.