பூச்சூடியவர்கள் எதை மறுத்தார்கள்?

கலிஃபோர்னியாவில் வாழும் நண்பரொருவர் தம் வீட்டு விருந்துக்குப் பாடல்கள் தெரிவு செய்து தருமாறு நம்மைக் கேட்டிருந்தார். விருந்தின் பொருள் 'அறுபதுகளின் ஹிப்பிகள்'. வருவோர் பூப்போட்ட சட்டையும் மணிமாலையும் அணிந்து வரவேண்டுமென்பது ஏற்பாடு. தாமே தயாரித்த முப்பது பாடல்களின் பட்டியலையும் அனுப்பியிருந்தார். அத்தனையும் இனிமையானவை. ஆனால் அவற்றைக் கேட்டு முடிக்கும் ஒருவருக்கு அக்காலத்தில் வியட்நாமில் ஒரு போர் நடந்ததென்பதே தெரியவராது. நம் மறுப்பு இங்கேதான் தொடங்குகிறது.

பட்டியலின் முதற்பாடல், எதிர்பார்த்தபடியே, ஸ்காட் மெக்கென்ஸி பாடிய 'சான் ஃபிரான்சிஸ்கோ'. 1967 மே மாதம் வெளிவந்தது. அதை எழுதிய ஜான் ஃபிலிப்ஸ், அவ்வாண்டு ஜூன் 16 முதல் 18 வரை நடந்த மான்ட்டெரே இசைவிழாவின் அமைப்பாளர்களில் ஒருவர். விழாவுக்கு விளம்பரமாகவும் அப்பாடல் அமைந்தது. அந்தக் கோடையில் இளைஞர்கள் சான் ஃபிரான்சிஸ்கோவின் ஹைட் ஆஷ்பரி பகுதியில் வந்து குவிந்தார்கள். உணவும் உறைவிடமும் மருத்துவமும் போதவில்லை. அக்டோபர் 6 அன்று அப்பகுதியைச் சேர்ந்தவர்களே 'ஹிப்பியின் மரணம்' என்று அறிவித்துச் சவப்பெட்டி சுமந்து ஊர்வலம் போனார்கள். பத்திரிகைகளும் தொலைக்காட்சியும் உருவாக்கிய ஹிப்பியைத்தான் அவர்கள் அடக்கம் செய்தார்கள். இன்றைய வேட விருந்துகள் பெரும்பாலும் அந்தச் சவப்பெட்டியில் கிடந்தவனையே எழுப்பிக் கொண்டுவந்து ஆடவிடுகின்றன.

புறத்திணை படித்தவர்களுக்கு இந்தப் பூ ஒரு முரணைக் காட்டும். வெட்சி சூடி ஆநிரை கவர்ந்தார்கள், தும்பை சூடிப் பொருதார்கள் என்று நாம் படிக்கிறோம். அங்கே பூ என்பது போருக்குப் புறப்படுவதன் அடையாளம். அமெரிக்க இளைஞர்களோ போரை மறுப்பதன் அடையாளமாக அதைக் கையிலெடுத்தார்கள். 1967 அக்டோபர் 21 அன்று பென்டகன் முன்பு நடந்த ஆர்ப்பாட்டத்தில் படைவீரர்களின் துப்பாக்கிக் குழல்களில் பூக்களைச் செருகினார்கள். கட்டாய ராணுவ சேவைக்கான அழைப்புக் கடிதம் வந்துவிடுமோ என்று இளைஞர்கள் அஞ்சிய காலம் அது. 1968இல் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கப் படையினர் வியட்நாமில் இருந்தார்கள். பூவும் மணிமாலையும் கருப்பொருள். அந்த அச்சமும் மறுப்புமே உரிப்பொருள். கருப்பொருளை மட்டும் வைத்துக்கொண்டு திணை அமைப்பதெப்படி?

அப்படியானால் விருந்து இரங்கற் கூட்டமாகிவிடாதா என்று நண்பர் கேட்கக்கூடும். ஆகாது. சான் ஃபிரான்சிஸ்கோவின் சைக்கெடெலிக் இசை, கண்மூடிப் படுத்துக் கேட்பதற்கென்று பிறந்ததன்று. ஃபில்மோர், அவலான் ஆகிய நடன அரங்குகளில், நிறமேற்றிய எண்ணெயும் நீரும் ஒளியில் நெளிந்து சுவரெங்கும் படர, ஆடியவர்களுக்கு நடுவே வளர்ந்த இசை அது. போரெதிர்ப்பும் அழுகுரலாகவே ஒலிக்கவில்லை. கன்ட்ரி ஜோ அண்ட் த ஃபிஷ் குழுவின் 1967ஆம் ஆண்டுப் போரெதிர்ப்புப் பாடல், கேளிக்கைச் சந்தை மெட்டில் சாவைப் பகடி செய்வது. கூடிநின்று பாடிச் சிரிக்கலாம். சிரித்து முடித்தபின் நெஞ்சில் ஏதோ உறுத்தும்.

இன்னொரு குறையையும் சொல்லியாக வேண்டும். நண்பரின் பட்டியலில் ஜிமி ஹென்ட்ரிக்ஸ் தவிர வேறு கறுப்பினக் கலைஞர் எவருமில்லை. ஃபில்மோர் அரங்கை நடத்திய பில் கிரஹாமிடம் இந்த வேலி கிடையாது. 1966 டிசம்பரில் ஓட்டிஸ் ரெட்டிங் அங்கே பாடினார். கறுப்பரும் வெள்ளையரும், ஆணும் பெண்ணும் கலந்த ஸ்லை அண்ட் த ஃபேமிலி ஸ்டோன் குழு அவ்வட்டாரத்திலேயே உருவானது. அவர்களுடைய 'எவ்ரிடே பீப்பிள்' இல்லாமல் இப்படியொரு விருந்து நிறைவடையாது. ஜானிஸ் ஜாப்ளினின் 'பால் அண்ட் செய்ன்' வேண்டும். அதற்கு முன்பாக, அப்பாடலுக்கு உரியவரான பிக் மாமா தார்ன்ட்டனின் குரலும் வேண்டும்.

சிதாரை என்ன செய்வது? பீட்டில்ஸின் 'டுமாரோ நெவர் நோஸ்' (1966) தம்பூராவின் ஒற்றைச் சுருதியை அடித்தளமாகக் கொண்டது. அதைத் தாராளமாகச் சேர்க்கலாம். ஆனால் ரவி ஷங்கரின் ராக ஆலாபனையைத் தின்பண்டத் தட்டுகளுக்கும் அரட்டைக்கும் பின்னணியாக ஒலிக்கவிடுவதை நாம் ஏற்கமாட்டோம். மான்ட்டெரேயில் ஜூன் 18 பிற்பகல் அவரும் அல்லா ரக்காவும் வாசிக்க, கூட்டம் மணிக்கணக்கில் அமர்ந்து கேட்டது. தம் இசையைப் போதையோடு சேர்த்துப் பார்த்தது தமக்கு வேதனை தந்ததென்று பின்னாளில் அவர் பலமுறை சொல்லியிருக்கிறார். கோவைக்கு அருகிலுள்ள செட்டிபாளையத்தில் பிறந்த சுவாமி சச்சிதானந்தா, 1969 ஆகஸ்ட் 15 அன்று உட்ஸ்டாக் மேடையில் அமர்ந்து ஒலியின் ஆற்றலைப் பற்றிப் பேசியதும் நினைவுக்கு வருகிறது. அந்த இளைஞர்கள் கீழைநாடுகளில் எதையோ உண்மையாகத் தேடினார்கள். எல்லோருக்கும் கிடைத்ததா என்பது வேறு. அந்தத் தேடலை வாசற்படித் தோரணமாக்குவது சரியன்று.

போதையை நாம் நியாயப்படுத்தவில்லை. 1970இல் ஹென்ட்ரிக்ஸ் செப்டம்பர் 18 அன்றும், ஜாப்ளின் அக்டோபர் 4 அன்றும் இறந்தார்கள். இருவருக்கும் வயது 27. நாமும் மாணவப் பருவத்தில் இவற்றையெல்லாம் போதைப் பாட்டு என்று ஒரே சொல்லில் ஒதுக்கியவர்கள்தாம். ஒதுக்குபவரும் வேடம் கட்டுபவரும் ஒரே தவறைத்தான் செய்கிறார்கள். இருவரும் பாட்டைக் கேட்பதில்லை.

ஆகவே நண்பருக்கு எழுதியது இதுதான். பூச்சூடும் பாடலோடு தொடங்குங்கள், ஆடுங்கள், பாடுங்கள். விடைபெறும் நேரத்தில் உட்ஸ்டாக்கில் ஹென்ட்ரிக்ஸ் கிதாரில் வாசித்த அமெரிக்க தேசியகீதத்தை ஒலிக்கவிடுங்கள். ஆகஸ்ட் 18 திங்கட்கிழமை காலை, கூட்டத்தின் பெரும்பகுதி கலைந்துபோன பின் வாசித்தது அது. வாசித்தவர் ராணுவத்தில் பாராசூட் படைப்பிரிவில் இருந்தவர். அதில் பாடுகுரலே இல்லை; குண்டுகள் விழும் ஓசையைக் கிதாரே எழுப்புகிறது. அந்தச் சில நிமிடங்கள் மட்டும் எல்லோரும் பேசாமல் நின்று கேட்கட்டும். சூடிய பூவை அதன்பிறகு கழற்றலாம்.