சிநேகிதர் என்னும் பெயர் சிறிய பெயரா?

தியானப் பகுதி: யோவான் 15:12-15



இந்த வாரம் ஒரு காதல் நாவலோடு வழக்காட விரும்புகிறேன். போதகருக்கும் காதல் நாவலுக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். நம் வாலிபப் பிள்ளைகள் நாள்தோறும் கைப்பேசியில் கதைகளை வாசிக்கிறார்கள்; பார்க்கிறார்கள். ஒவ்வொரு கதையும் ஒரு போதனையைச் சுமந்து வருகிறது. மந்தை எந்தப் புல்லை மேய்கிறது என்று பாராத மேய்ப்பன் மேய்ப்பனல்லவே.

அமெரிக்க எழுத்தாளர் எமிலி ஹென்றி 2021இல் ‘பீப்பிள் வீ மீட் ஆன் வெக்கேஷன்’ என்னும் நாவலை வெளியிட்டார். பாப்பி என்னும் பெண்ணும் அலெக்ஸ் என்னும் ஆணும் கல்லூரிக் காலம் முதல் உற்ற நண்பர்கள். ஆண்டுதோறும் கோடையில் இருவரும் சேர்ந்து பயணம் செய்கிறார்கள். இடையில் மனத்தாங்கல் உண்டாகி இரண்டு ஆண்டுகள் பேச்சு நின்றுபோகிறது. பின்பு ஒரு கடைசிப் பயணத்தில் நட்பு காதலாக வெளிப்படுகிறது. நம் தமிழ்த் திரையிலும் இதே பாதையில் 2001இல் ‘பிரியாத வரம் வேண்டும்’, 2020இல் ‘ஓ மை கடவுளே’ என்று படங்கள் வந்தன. சிறுவயது முதல் கூடப் பழகிய தோழியே வாழ்க்கைத் துணை என்று கண்டுகொள்வதே அவற்றின் கதை.

இவற்றை வாசித்தவர்களையோ பார்த்தவர்களையோ நான் கடிந்துகொள்ளவில்லை. இக்கதைகளின் அடியில் ஓடும் ஓர் எண்ணத்தோடுதான் என் வழக்கு. கதையின் கடைசிப் பக்கத்தை வாசித்தபின் முன்பக்கங்களைத் திரும்பிப் பாருங்கள். அத்தனை ஆண்டுக்கால நட்பும், தன்னை அறியாத காதலாக அங்கே மாறிவிடுகிறது. ஒருவரையொருவர் தாங்கியது, சிரிக்கவைத்தது, உண்மையைச் சொன்னது யாவும் காதலுக்கான காத்திருப்பு என்று ஆகிவிடுகிறது. நட்பு தாழ்ந்த படி, காதல் உயர்ந்த படி. கீழ்ப்படியிலேயே நின்றவர்கள் எதையோ இழந்தவர்கள். இதுவே அந்தப் போதனை.

போதகர் நன்றாய்ச் சொன்னார் என்று தலையசைக்கும் பெற்றோரே, மூப்பரே, சற்றுப் பொறுங்கள். வழக்கு இப்போது உங்கள் வீட்டு வாசலுக்கு வருகிறது. ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் கம்பெனிப் பேருந்தில் வேலைக்குச் செல்லும் நம் பெண்பிள்ளை, உடன் வேலை செய்யும் ஒருவனோடு சிரித்துப் பேசினாள் என்று யாரோ சொன்னால், அன்றிரவு உங்கள் வீட்டில் என்ன நடக்கிறது? கைப்பேசி பறிக்கப்படுகிறது. வேலை நிறுத்தப்படுகிறது. அவசர அவசரமாக வரன் தேடப்படுகிறது. ஏன்? ஆணும் பெண்ணும் பழகினால் அதற்கு ஒரே முடிவுதான் உண்டு என்று நாமும் நம்புகிறோம். நாவலாசிரியர் அதை மகிழ்ச்சியோடு சொல்கிறார். நாம் அச்சத்தோடு சொல்கிறோம். விசுவாச அறிக்கை ஒன்றே!

இன்னும் ஒன்றையும் கேட்கத்தான் வேண்டும். கர்த்தருடைய பந்தியில் ஒரே அப்பத்தைப் பிட்கிற நாம், பிள்ளைகள் நட்பாய்ப் பழகுவதைக் கண்டு பதறுவது பரிசுத்தத்தைக் குறித்த கவலையால் மட்டுந்தானா? ‘அவன் எந்தச் சாதி’ என்பது நம் முதல் கேள்வியாய் இருக்குமானால், நம்மைப் பதறவைப்பது வேதவசனமல்ல என்று மனச்சாட்சி அறியும்.

1990இல் விக்ரமன் இயக்கிய ‘புது வசந்தம்’ படத்தில் நான்கு இளைஞரும் ஒரு பெண்ணும் ஒரே கூரையின்கீழ் நண்பர்களாக வாழ்கிறார்கள். அவளை மணக்கவிருந்தவன் அந்த நட்பைச் சந்தேகிக்கிறான். அவள் அவனை மறுத்து நண்பர்களிடமே திரும்புகிறாள். திரைக்கதை சொல்லத் துணிந்த உண்மையைச் சபை சொல்லத் தயங்கலாமா?

வேதம் என்ன சொல்லுகிறது? யோனத்தான் மாண்டபோது தாவீது பாடிய புலம்பலை 2 சாமுவேல் முதலாம் அதிகாரத்தில் வாசியுங்கள். பல மனைவியரை உடைய அந்த மனிதன், தன் நண்பனின் அன்பைப் பெண்களின் அன்புக்கும் மேலே வைக்கிறான். ரோமர் 16ஆம் அதிகாரத்தில் பவுல் அப்போஸ்தலன் பெபேயாளையும் பிரிஸ்கில்லாளையும் மரியாளையும் பெயர் சொல்லி நினைவுகூருகிறார். பெர்சியாளைப் பிரியமானவள் என்றே அழைக்கிறார். ஊழியத்தில் உடன் உழைத்த பெண்களைக் குறித்து அவர் கூசவுமில்லை, ஒளிக்கவுமில்லை. நம் ஆண்டவர் மார்த்தாளிடத்திலும் அவள் சகோதரியிடத்திலும் லாசருவினிடத்திலும் அன்பாயிருந்தார் என்று யோவான் 11:5 சாட்சியிடுகிறது. சிலுவைக்குப் போகுமுன் தம் சீஷருக்கு அவர் சூட்டிய பெயர் சிநேகிதர். ஊழியக்காரர் என்னும் பெயரை நீக்கி, அதிலும் உயர்ந்ததாக அந்தப் பெயரைக் கொடுத்தார். அவர் வாயினின்று வந்த பெயரை நாம் ‘வெறும் நட்பு’ என்று சொல்லலாமா?

இந்தத் தவறான போதனையால் யாருக்கு நஷ்டம்? முதலாவது, ‘இல்லை’ என்று சொல்லும் பெண்ணுக்கு. நட்பு காதலாகியே தீரும் என்று கற்றுக்கொண்ட வாலிபன், தோழியின் மறுப்பைக் கதையின் நடுப்பகுதி என்று எண்ணுகிறான். இன்னும் வற்புறுத்தினால் கடைசிப் பக்கம் வரும் என்று பின்தொடர்கிறான். அவளோ ஒரே நாளில் தன் நண்பனையும் இழக்கிறாள், தன் நிம்மதியையும் இழக்கிறாள். வீட்டில் சொன்னால் வேலை போய்விடும் என்று வாய் திறவாமலும் இருக்கிறாள். அவளை இருபுறமும் நெருக்கியவர்கள் நாமே.

லூயிசா மே ஆல்காட் 1868இலும் 1869இலும் இரு பாகங்களாக வெளியிட்ட ‘லிட்டில் வுமன்’ நாவலில் ஜோ என்னும் பெண்ணும் லாரி என்னும் இளைஞனும் இணைபிரியாத நண்பர்கள். முதல் பாகத்தை வாசித்தவர்கள் இருவரையும் மணமுடித்து வைக்கும்படி ஆசிரியைக்குக் கடிதம் எழுதினார்கள். அவர் இணங்கவில்லை. லாரி தன் காதலைச் சொல்கிறான், ஜோ மறுக்கிறாள். அவன் துயரத்தோடு தூரதேசம் போகிறான். காலம் சென்றபின் வேறொருத்தியை மணந்து, ஜோவுக்கு நண்பனாகவே திரும்பி வருகிறான். மறுப்பைக் கேட்டு, அதை மதித்து, அன்பை இழக்காதிருக்கும் அந்த ஆண்மையை நம் பிள்ளைகளுக்கு யார் கற்பிப்பது?

அப்படியானால் நண்பர்கள் மணந்துகொள்வது தவறா? ஒருபோதும் இல்லை. மல்கியா 2:14இல் தீர்க்கதரிசி மனைவியைத் தோழி என்று குறிப்பிடுகிறார். உன்னதப்பாட்டு 5:16இல் மணவாட்டி தன் நேசரைச் சிநேகிதர் என்றும் அழைக்கிறாள். தமிழின் முதல் நாவலாகப் போற்றப்படும் ‘பிரதாப முதலியார் சரித்திரம்’, மாயூரத்தில் முன்சீபாகப் பணியாற்றிய கிறிஸ்தவரான வேதநாயகம் பிள்ளையால் 1879இல் வெளியிடப்பட்டது. அதில் சிறுவயதில் கூடி விளையாடி, கூடிக் கற்ற பிரதாபனும் ஞானாம்பாளும் கணவன் மனைவி ஆகிறார்கள். ஆனால் கல்யாணத்தோடு கதை முடியவில்லை. பிரிவு வருகிறது, ஞானாம்பாள் ஆண் வேடம் பூண்டு விக்கிரமபுரியை அரசாளவும் செய்கிறாள். மணமான பின்பும் அவள் தன் கணவனுக்கு அறிவுரை கூறும் தோழியாகவே இருக்கிறாள். காதலைக் கண்டவுடன் நட்பை ஏணிபோல் உதறிவிடும் கதைகளுக்கும் இந்தப் பழைய கதைக்கும் உள்ள வேறுபாட்டைச் சிந்தியுங்கள். நம் வீடுகளில் மணமாகி இருபது ஆண்டுகள் ஆனபின் ஒருவரோடொருவர் பேசுவதற்கு ஒன்றுமில்லாத தம்பதியர் எத்தனை பேர்!

தறியில் அமர்ந்து பிழைக்கிற நமக்கு இது விளங்காததல்ல. கோர்வைச் சேலையில் உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம். தனித்தனி நாடா ஓட, இரண்டும் இழைக்கு இழை கோத்துக்கொள்கின்றன. நெய்து முடியாத உடல் என்று கரையை யாராவது சொல்வார்களா? கரை தன்னளவில் முழுமையானது. நட்பும் அப்படியே.

ஆகையால் வாலிபரே, உங்கள் தோழியை, தோழனை, அவர்கள் இருக்கிறபடியே நேசியுங்கள்; கடைசிப் பக்கத்தைத் தேடாதிருங்கள். மணம் புரியும் எண்ணம் உண்டானால் ஒளிவுமறைவின்றிக் கேளுங்கள். மறுப்பு வந்தால் அதைத் தேவசமுகத்தில் ஏற்றுக்கொள்ளுங்கள். பெற்றோரே, பிள்ளைகளின் நண்பர்களை வீட்டுக்கு அழைத்து உணவு பரிமாறுங்கள். வெளிச்சத்தில் வளரும் நட்புக்கு ஒளிந்துகொள்ள அவசியமில்லை. தம்பதியரே, இன்றிரவு தறி ஓய்ந்தபின் அரைமணி நேரம் நண்பர்களாக அமர்ந்து பேசுங்கள்.

ஜெபம்: எங்களைச் சிநேகிதர் என்று அழைத்த ஆண்டவரே, அந்தப் பெயரின் மேன்மையை நாங்கள் அறியச் செய்யும். எங்கள் பிள்ளைகளை ஆசையின் வஞ்சகத்துக்கும் எங்கள் சந்தேகத்தின் கொடுமைக்கும் விலக்கிக் காத்தருளும். உம்முடைய நாமத்தில் வேண்டுகிறோம். ஆமென்.