மேல்காது குத்தலாம், துப்பாக்கி வேண்டாம்



மேல்காது குத்த ஆசைப்படும் பிள்ளைகளைத் திட்டாதீர்கள். நம் பாட்டிமார் கொப்பும் முருகும் போட்ட இடம்தானே அது! எங்கே, எதனால் குத்துகிறார்கள் என்பதை மட்டும் பாருங்கள்.

மேல்காது குருத்தெலும்பு, அதற்கென்று இரத்தக் குழாய் கிடையாது. கீழ்க்காதுப் புண் 6 முதல் 8 வாரத்தில் ஆறும். இதற்கு 6 மாதம் முதல் ஒரு வருடம்கூட ஆகும். சீழ் பிடித்தால் காதின் வடிவமே கெடலாம். துப்பாக்கி, மழுங்கிய கம்மலை வேகமாக அடித்து இறக்குகிறது, குருத்தெலும்பு நசுங்கும். நல்ல ஸ்டுடியோவில் உறை பிரித்த புது ஊசி, கையுறை, டைட்டானியம் கம்மல். செலவு கூடத்தான், காதைவிடப் பெரிதா?

"கருவிகளை ஆட்டோகிளேவில் சுத்தம் செய்கிறீர்களா?" என்று கேளுங்கள். முகம் சுளித்தால் எழுந்து வந்துவிடுங்கள். வகுப்பில் கேள்வி கேட்கப் பழக்கியது இதற்கும் சேர்த்துத்தான்.