‘அட்சசுட்டு’ – எதை? யாருக்கு?

தமிழன் செவியில் ஒரு நாளில் எத்தனை முறை விழுகின்றது என்று எண்ணிக் கணக்கிடவும் இயலாதவாறு பெருகிப்போன ஆங்கில வினைச்சொல் ஒன்றுண்டு. பேருந்தில் இருவர் இருக்கையில் மூன்றாமவர் அமர வேண்டுமா? ‘கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க.’ பங்கீட்டுக் கடைக்குப் பருப்பு வந்து சேரவில்லையா? ‘இந்த மாதம் அட்ஜஸ்ட் பண்ணுங்க.’ புகுந்த வீட்டின் கொடுமை தாளாது பிறந்தகம் மீண்ட மகளுக்குப் பெற்றவள் கூறும் அறிவுரையும் அதுவே: ‘நீதான் அட்ஜஸ்ட் பண்ணிப் போகணும்.’ முதலாமவன் இழப்பது நாலு விரற்கடை இடம். இரண்டாமவன் இழப்பது ஒரு மாதத்துக் குழம்பு. அம்மகள் இழப்பது தன் வாழ்வையே. மூன்றுக்கும் சொல் ஒன்று!

இரண்டு கிரந்த எழுத்துகளின் துணையின்றி எழுதவும் இயலாத அச்சொல், இனி இங்குத் தமிழ் எழுத்திலேயே ‘அட்சசுட்டு’ என எழுதப்பெறும். செவிக்கு இனிக்கவில்லையெனின், குற்றம் எழுத்தினுடையதன்று.

தமிழ் வினைப்பகுதி தன் காலிலேயே நிற்பது. பொருந்து, இணங்கு, நெகிழ், பொறு என எதை எடுப்பினும், காலமும் இடமும் காட்டும் ஈறுகளைத் தானே ஏற்றுப் பொருந்தினான், இணங்குவாள், நெகிழ்ந்தது, பொறுத்தோம் என விரியும். வந்தேறிய சொல்லுக்கோ அந்த வலிவில்லை. அதைச் சுமக்கப் ‘பண்ணு’ என்னும் தமிழ்வினை கூலியாள்போல் குனிந்து நிற்க வேண்டியுள்ளது. வந்தவன் பல்லக்கில், வீட்டுக்குரியவன் தோளிற் பல்லக்கு!

அச்சொல்லின் பிறப்பும் அறியத்தக்கது. ‘அருகே’ எனப் பொருள்படும் இலத்தீனச் சொல்லினின்று பிரெஞ்சு வழியாக ஆங்கிலம் புகுந்தது அது. நயன்மையைக் குறிக்கும் வேறோர் இலத்தீனச் சொல்லோடு ஒலியொப்புமையால் பிற்காலத்தார் அதனை மயங்கினர். நயன்மைக்கும் அதற்கும் பிறப்புறவு இல்லை. நடப்புறவும் இல்லை என்பதே இங்குக் காட்டப்பெறுவது.

தமிழில் நெருங்கி அமர்தல் வேறு, இடங்கொடுத்தல் வேறு. விட்டுக்கொடுத்தல் என்றால், கொடுப்பவனிடம் ஒன்று இருந்தது, அது அவனுக்கு உரியது, அதை இன்னொருவன் பெறுகின்றான் என்னும் மூன்றும் அச்சொல்லிலேயே அடங்கும். பொறுத்துக்கொள்ளல் என்றால் ஒரு துன்பமோ தவறோ உண்டு என்பது விளங்கும். இணங்கலில் ஒருவன் கேட்டான் என்பதும் மற்றவன் மறுத்திருக்கக் கூடும் என்பதும் உள. பணிதலில் வலியவன் ஒருவன் நிற்கின்றான். புதிய சூழலுக்கு ஏற்பத் தன்னை மாற்றிக்கொள்வதற்குத் தகவமைதல் என்று அறிவியற் பாடநூல்களும் சொல் கண்டுள்ளன. பொறியின் திருகைச் சரிசெய்தல் பிறிதொன்று. ‘விட்டுக்கொடு’ என்று கேட்கப்பட்டவன் ‘எதை? யாருக்கு?’ என்று திருப்பிக் கேட்பான். ‘அட்சசுட்டு’ என்று கேட்கப்பட்டவனோ தலையாட்டுகின்றான். கேள்விக்கு இடமில்லாச் சொல் அது. 1916இல் மறைமலையடிகள் தனித்தமிழ் இயக்கம் தொடங்கியபோது இவ்விடத்தில் அமர்ந்திருந்தது ‘அனுசரித்தல்’ என்னும் வடசொல். அது எழுந்து போகுமுன்பே அதன் மடியில் ஆங்கிலச் சொல் வந்தமர்ந்துகொண்டது.

இது வெறுஞ் சொல்லாராய்ச்சி அன்று. சென்னைக் கலங்கரை விளக்கத்தை அடுத்துக் கடலோரமாய்க் கிடக்கும் நொச்சிக்குப்பத்திற் போய் நின்று பார்த்தால் விளங்கும். இக்கடற்கரைக்கு 1880களில் ‘மெரினா’ என்று பெயரிட்டவன் கிராண்டு தப்பு என்னும் வெள்ளை ஆளுநன். வலைஞர் குப்பங்கள் அதற்கும் முந்தியவை. கடற்கரையை அழகுபடுத்தல் என்னும் பெயரால் 1985இல் கட்டுமரங்களும் வலைகளும் அகற்றப்பட்டன. எதிர்த்த மீனவர்மீது காவலர் துப்பாக்கி வெடித்தது, உயிர்கள் போயின. 2004இல் ஆழிப்பேரலை அடித்தது. 2023 ஏப்பிரலில், கலங்கரை விளக்கத்திலிருந்து பட்டினப்பாக்கம் நோக்கிச் செல்லும் உலூப்புச் சாலையின் மீன்கடைகளைப் பற்றிச் சென்னை உயர்முறைமன்றம் தானே முன்வந்து வழக்கெடுக்க, மாநகராட்சி கடைகளை அகற்றியது. தம் வலையுலர்த்தும் மணல்வெளியிற் போடப்பட்டதே அச்சாலை என்பது மீனவர் வழக்கு. அவர்கள் சாலையை மறித்து நின்றனர். மதில் காப்போர் சூடிய பூவைத் தமிழ்ப் புறப்பொருள் இலக்கணம் நொச்சி என்றது. அப்பெயர் தாங்கிய குப்பத்தார்க்கு அம்மறியல் பொருந்தியதே. 2024 ஆகத்தில் அங்கேயே 366 கடைகளோடு புதிய மீனங்காடி திறக்கப்பட்டது. கூரை வந்தது, தரை வந்தது. அதனை மறுப்பதற்கில்லை. ஆயின் படகு கரையேறும் இடத்திலேயே கூடையிறக்கி விற்ற பெண்டிர், அவ்வுரிமையை ஒரு கட்டடத்துக்குள் சுருக்கிக்கொள்ள வேண்டியதாயிற்று.

இக்குப்பத்தார் மாறாதவர் என்று எவரேனும் கூறின் அது பொய். பருத்தி வலையை விட்டு நைலான் வலையைக் கைக்கொண்டவர்கள் அவர்கள். ஆழிப்பேரலைக்குப் பின் கட்டுமரங்கள் அருகிக் கண்ணாடியிழைப் படகுகள் நிறைந்தன. வாடையும் கொண்டலும் கச்சானும் மாறுந்தோறும் வலையை மாற்றுவதும் வழியை மாற்றுவதும் அவர்கள் அன்றாடத் தொழில். அது தகவமைதல். அறிவாற் செய்வது, கைத்திறனாற் செய்வது. கடற்கரை மணலைச் சாலைக்கும் உலாப்போக்கருக்கும் விட்டு ஒதுங்குவதோ இழத்தல். இவ்விரண்டையும் ‘அட்சசுட்டு’ என்னும் ஒரே கூடையிற் போட்டுக் குலுக்கினால், பறித்தவன் கை மறைந்துவிடும். பறிகொடுத்தவன் பண்பாளன் எனப் பாராட்டப்படுவான். மயிலாப்பூரிலிருந்து வண்டியில் வந்து வஞ்சிரத்துக்கு விலைபேசி, ‘கொஞ்சம் அட்சசுட்டுப் பண்ணிக் குடும்மா’ என்று நிற்கும் கற்றவரும் இதை எண்ணிப் பார்ப்பதில்லை. ‘விலையைக் குறைத்துக் கொடு’ என்று சொன்னால் குறைவது எவர் கூலி என்பது வாங்குபவர் வாயிலேயே வந்துவிடுமல்லவா!

மொழியும் காலத்திற்கேற்ப ‘அட்சசுட்டு’ ஆகத்தான் வேண்டும் என்பர் சிலர். ஆங்கிலன் கடன்கொள்ளவில்லையா என்றுங் கேட்பர். கொண்டான். 1697இல் வெளிவந்த தன் கடற்செலவு நூலில், சோழமண்டலக் கரையிற் கண்ட கட்டுமரத்தை வில்லியம் தாம்பியர் தமிழ்ப் பெயராலேயே குறித்தான். அவன் நாட்டுக் கடலில் அப்பொருள் இல்லை. ஆகவே பெயரும் இல்லை. இன்று இரட்டையுடற் கப்பலுக்கும் அப்பெயரே உலகெங்கும் வழங்குகின்றது. இல்லாததற்குக் கொண்டது அது. விட்டுக்கொடுத்தலுக்குத் தமிழிற் சொல் இல்லையென்று எவரும் கூறார். அச்செயலிலும் தமிழனுக்குப் பழக்கக் குறைவு என்று கூறுவாரில்லை.