போனில் ரோஜா நிறம், கம்ப்யூட்டரில் மஞ்சளா?

கல்யாண வீட்டில் எடுத்த படத்தைக் கேமராவின் குட்டித் திரையில் பார்த்தால், அரக்குப் பட்டு அரக்காகவே ஜொலிக்கிறது. அதையே கம்ப்யூட்டரில் போட்டால் செங்கல் நிறம்! "இது யார் புடவை?" என்று கட்டியவளே கேட்கும்படி ஆகிவிடுகிறது. உங்கள் வீட்டிலும் இது நடந்திருக்குமே?

காலேஜில் படிக்கும் என் மகன் விளக்கிச் சொன்னதை, நம் சமையலறை பாஷையில் சொல்கிறேன். டிஜிட்டல் படம் என்பது ஒரு சமையல் குறிப்பு மாதிரி. ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு எவ்வளவு, பச்சை எவ்வளவு, நீலம் எவ்வளவு என்று 0 முதல் 255 வரை எண்கள்தான் அதில் இருக்கின்றன. குறிப்பு ஒன்றுதான், ஆனால் என் வீட்டு மிளகாய்த் தூளும் உங்கள் வீட்டு மிளகாய்த் தூளும் ஒரே காரமா என்ன? அதுபோல ஒவ்வொரு திரையின் சிவப்பும் நீலமும் ஒவ்வொரு விதம். இதைச் சீராக்க 'எஸ்.ஆர்.ஜி.பி.' என்ற பொது நிற அளவு 1996ல் முன்வைக்கப்பட்டு, 1999ல் சர்வதேசத் தரமானது. ஆனாலும் கண்ணுக்குப் பளிச்சென்று தெரியட்டும் என்று பல போன்கள் நிறத்தைக் கொஞ்சம் தூக்கியே காட்டுகின்றன. வெளிச்சமான இடத்தில் தானாகவே பிரகாசத்தைக் கூட்டியும் கொள்கின்றன. கம்ப்யூட்டரிலோ, 'இரவு வெளிச்சம்' என்ற வசதி போட்டிருந்தால் நீலம் குறைந்து எல்லாமே மஞ்சள் பூசினாற்போல ஆகிவிடும்.

புடவை விஷயமென்றால் சிரித்துவிட்டுப் போகலாம். சமீபத்தில் என் அக்கா மகள், பிறந்து மூன்றே நாளான குழந்தையைப் படம் எடுத்து அனுப்பி, "சித்தி, இவன் மஞ்சளா தெரியறானா பாருங்களேன்" என்றாள். என் போனில் குழந்தை ரோஜாப்பூ மாதிரி இருந்தான். மகனுடைய கம்ப்யூட்டரில் நல்ல மஞ்சள்! இரவு வெளிச்சத்தை அணைத்ததும் பாதி மஞ்சள் போய்விட்டது. எதை நம்புவது? உடனே போன் போட்டு, "இது படத்தைப் பார்த்துச் சொல்ற விஷயமில்லேடி கண்ணு. கிளம்பு, டாக்டர்கிட்ட காட்டு" என்றேன். ரத்தப் பரிசோதனையில் பிலிரூபின் அதிகம் என்று தெரிந்து, இரண்டு நாள் நீல விளக்கின் கீழ் வைத்திருந்தார்கள். இப்போது பையன் சௌக்கியம்.

நிறைமாதக் குழந்தைகளில் 100க்கு சுமார் 60 பேருக்கு முதல் வாரத்தில் மஞ்சள் தெரியும். பெரும்பாலும் தானே சரியாகிவிடும். ஆனால் அளவு மிகவும் கூடினால் மூளையையும் காது கேட்கும் திறனையும் பாதிக்கும். பிறந்த 24 மணி நேரத்துக்குள் மஞ்சள் தெரிந்தாலும், வயிறு, கால் வரை பரவினாலும், குழந்தை பால் குடிக்காமல் தூங்கித் தூங்கி விழுந்தாலும் தாமதம் கூடாது. "வெயில்ல காட்டினா போதும்" என்று யார் சொன்னாலும் காத்திருக்காதீர்கள்.

வீட்டில் பார்ப்பதானால், பகல் வெளிச்சத்தில் ஜன்னல் ஓரம் வைத்து, நெற்றியிலோ மார்பிலோ விரலால் லேசாக அழுத்தி எடுங்கள். அழுத்திய இடம் மஞ்சளாகத் தெரிந்தால் டாக்டரிடம் காட்டுங்கள். மாநிறக் குழந்தைகளுக்குக் கண்ணின் வெள்ளையையும் கவனியுங்கள்.

போட்டோ பார்த்துப் புடவை வாங்குகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. பகலில், பக்கத்தில் ஒரு வெள்ளைக் காகிதம் வைத்து எடுத்த படமாகக் கேளுங்கள். உங்கள் திரையில் காகிதமே மஞ்சளடித்தால், புடவையின் நிறமும் அப்படித்தான் மாறியிருக்கும். அதற்குத் தகுந்தபடி கழித்துப் பாருங்கள்.

புடவைக்கு இந்தக் கணக்கு போதும். குழந்தைக்கு மட்டும் எந்தத் திரையையும் நம்பாமல், நேரில் கொண்டுபோய்க் காட்டிவிடுங்கள்.